ஏழு மங்கு

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கார் சத்தம் கேட்டால் வாத்தியாருடைய வலது கை தானாகக் கழுத்துக்குப் போகும். கோட்டின் மேல் பொத்தானைப் போடும். பாடம் நடத்திக்கொண்டிருந்தாலும் சரி, பாடிக்கொண்டிருந்தாலும் சரி, வாய் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், கை தன் வேலையை முடித்துவிடும். எங்கள் தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு கார். ஆகவே வாத்தியார் பொத்தானைப் போட்டால் நாங்கள் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவோம்.

போன மாதம் மெர்கோங்கில் என் வீட்டுக்கு ஒரு தம்பி வந்தார். வாத்தியாருக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். "பழைய மாணவி நீங்க. நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடுங்கம்மா. கொஞ்சமா போதும் லா," என்றார். தேநீர் குடித்தார், போனார்.

எழுதுகிறேன். நல்லதையும் எழுதுகிறேன். நல்லது அவரிடம் நிறையவே இருந்தது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஆனால் அவர் பேரை மட்டும் எழுத மாட்டேன். பேர் இருந்த இடத்தில் பேர் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டுக்கு நன்றாகத் தெரியும். அவருக்கும் கொஞ்சம் தெரியட்டும். போட இஷ்டமிருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் அடுப்பில் வையுங்கள்.

பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய வருஷங்கள். பள்ளிக்கூடம் என்றால் அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை, மண் தரை, நான்கு மூலையிலும் நான்கு கம்பம். ஒரே வாத்தியார், நாற்பது பிள்ளைகள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மிஷன் பள்ளியில் படித்தவர், நெற்றியில் திருநீறு பூசுபவர், இரண்டு வகைச் சங்கீதமும் தெரிந்தவர். அப்படிப்பட்ட மனிதர் எதற்காக எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. கேட்கிற வயசும் இல்லை. கையில் ஓர் ஆர்மோனியப் பெட்டியோடு வந்தார், அதில் ஒரு கட்டை பேசாது. அந்தக் கட்டை வரும் இடத்தில் அவரே வாயால் அந்தச் சுரத்தைப் பாடிவிடுவார்.

கணக்கு, வாசிப்பு எல்லாம் பத்து மணிக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு சங்கீதம்தான். எங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது பாட்டு மட்டுமில்லை, பாட்டுக் கட்டியவர்களையும்தான். பழைய காலண்டரிலும் பத்திரிகையிலும் வெட்டிய நான்கு படங்களை அட்டையில் ஒட்டி, கம்பத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டிருந்தார். அவர்களுடைய பேர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். காவிரிக்கரையில் வாழ்ந்து கீர்த்தனை கட்டியவர் காவிரிக்காரர். காது கேட்காமலே சங்கீதம் எழுதிய வெள்ளைக்காரர் செவிட்டு ஐயா. ஐந்து வயசிலேயே ராஜாக்கள் முன்னால் வாசித்தவர் சின்னப்பையன். நாலாவது ஆள் தலையில் பெரிய டோப்பா வைத்துக்கொண்டிருப்பார், அவர் டோப்பா தாத்தா. வாத்தியார் இதைக் கேட்டுக் கோபப்படவில்லை. கொஞ்ச நாளில் அவரும் "டோப்பா தாத்தா" என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

விளையாட்டு இதுதான். அவர் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டை நாலு வரி வாசிப்பார். கட்டியவர் யார் என்று கண்டுபிடித்து அந்தக் கம்பத்துக்கு ஓட வேண்டும். தப்பான கம்பத்தில் நின்றவர்கள் அடுத்த மெட்டுக்கு ஓடாமல் தாளம் மட்டும் போட வேண்டும். நாற்பது பிள்ளைகள் ஓடினால் மண் தரையில் புழுதி எழும்பும், அவர் இருமிக்கொண்டே வாசிப்பார். லயம் என்கிற கூலி வீட்டு வரிசையிலிருந்து பெண்கள் வந்து வேலியோரம் நின்று, "என்னா ஐயா, படிப்பா இல்ல மாட்டுச் சந்தையா?" என்று சிரிப்பார்கள். "ரெண்டும்தான் அம்மா," என்பார்.

ஒருநாள் எங்கள் எல்லார் காதிலும் இலவம்பஞ்சை அடைத்துவிட்டார். ஒரு மூங்கில் குச்சியின் ஒரு நுனியை ஆர்மோனியத்தின் மேல் வைத்து, மறு நுனியைப் பல்லால் கடிக்கச் சொன்னார். என் முறை வந்தது. அவர் கட்டையை அழுத்தினார். காதில் ஒன்றும் இல்லை. பல்லில் இறங்கி, தாடையில் ஓடி, மண்டைக்குள் குறுகுறு என்று ஒன்று நின்றது. எனக்குப் பயம் வந்துவிட்டது. குச்சியைத் துப்பிவிட்டு, "பல்லு கூசுதுங்க ஐயா!" என்று கத்தினேன். அவர் என் காதிலிருந்த பஞ்சை எடுத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"அதுதான் பிள்ளை. செவிட்டு ஐயாவுக்குக் கேட்டதும் அதுதான்," என்றார்.

அந்த நிமிஷத்துக்காக அவரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடலாம். கும்பிட முடியாமல் போனதுதான் என் கதை.

காவிரிக்காரரின் கதையைச் சொல்லும்போது அவர் வேறு ஆளாகிவிடுவார். ராஜா அந்தப் பெரியவரைத் தன் சபைக்கு வந்து தன்னைப் பாடச் சொல்லி, ஒரு தட்டு நிறையப் பொன் கொடுத்தனுப்புகிறான். பெரியவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். கதை அவ்வளவுதான். அதை எங்களை வைத்து நாடகமாகப் போடுவார், ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, வாராவாரம். கோவிலிலிருந்து பித்தளைத் தட்டு, அதில் பொன்னுக்குப் பதில் செவ்வந்திப்பூ. தட்டைக் கொண்டுவரும் தூதன் எங்கள் கங்காணியின் மகன், என்னைவிட ஒரு வயசு மூத்தவன். காவிரிக்காரர் நான். பொட்டைப் பிள்ளைக்கு எதற்கு அந்த வேஷம் என்று அவன் முறைத்தான். "அவளுக்குத்தான் முதுகு நேரா நிக்குது," என்றார் வாத்தியார்.

எப்படிச் செய்ய வேண்டும் என்று அவரே செய்து காட்டுவார். "தட்டைத் தொடாதே. ஆனா பார். பாராத மாதிரி நடிக்காதே, வடிவாப் பார். பிறகு எழும்பிப் போ. கத்தாதே, ஓடாதே. வேண்டாம் எண்டு சொல்லுறவனுக்குச் சத்தம் தேவையில்லை. விளங்குதே?"

"வெளங்குது ஐயா."

"ராஜாவாவது, மண்ணாங்கட்டியாவது!" என்று மேசையில் ஓங்கிக் குத்துவார். மைக்கூடு துள்ளும். எங்களுக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும்.

ஒருநாள் அவர் அப்படிக் குத்திய கை மேசையிலிருந்து எழும்பும்போதே கார் சத்தம் கேட்டது. கை நேராகப் பொத்தானுக்குப் போயிற்று. கங்காணி மகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை, அவன் மேல்தான் கோபம் வந்தது.

பத்து வயசுப் பிள்ளைகள் ஒன்பது மணிக்கே பள்ளியை விட்டுப் புல் வெட்டப் போக வேண்டும் என்று ஆபீசிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வாத்தியார் அன்று ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். "இதென்ன அநியாயம்! நாளைக்கு நான் துரையிட்டப் போறன். நேர கேக்கிறன்," என்றார். நாங்கள் வீட்டில் போய்ச் சொன்னோம். லயம் முழுக்க அதே பேச்சு. மறுநாள் பெரிய கிராணி வந்தார். ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில்தான், துரைக்கு அடுத்தபடி அவர். பொத்தான் ஏறியது. வாத்தியாரே பத்து வயசுப் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வரிசையில் நிறுத்தி, எண்ணி ஒப்படைத்தார். லயத்தில் யாரும் அவரைத் தப்பாக நினைக்கவில்லை, பாவம், அவரும்தான் என்ன செய்வார் என்றார்கள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில் என்ற பழமொழி எனக்கு அப்போது தெரியாது.

இனி மங்கு விஷயத்துக்கு வருகிறேன்.

ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருக்கும் கிண்ணத்தை மங்கு என்போம். எங்கள் தோட்டத்தில் பீங்கான் மங்கு, வெள்ளை வெளேரென்று இருக்கும். லயத்து வீடுகளில் தகரமும் தேங்காய்ச் சிரட்டையும்தான். தட்டினால் பாடுகிற பொருள் தோட்டத்தில் வேறு எதுவும் கிடையாது. இதை முதலில் கண்டுபிடித்தவர் வாத்தியார். மாலையில் மரங்களுக்கு நடுவே நடந்து போனவர், கவிழ்த்து வைத்திருந்த ஒரு மங்கை விரலால் சுண்டிப் பார்த்திருக்கிறார். மறுநாள் என்னைக் கூப்பிட்டார். பள்ளிகளைப் பார்க்கிற அதிகாரி வரப்போகிறார், துரையும் வருவார், ஜலதரங்கம் வாசித்துக் காட்ட வேண்டும் என்றார்.

"உன்ர அம்மா நிரையில இருந்து ஏழு மங்கு எடுத்துக்கொண்டு வா பிள்ளை. பெரிசு மூண்டு, சின்னது நாலு."

என் அம்மா பால் வெட்டுபவள். அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா வெட்டுகிற நிரைதான், அந்த மரவரிசைதான், எங்கள் சோறு. மத்தியானம் பால் எடுத்து முடிந்ததும் மங்கைத் துடைத்து மரத்திலேயே கவிழ்த்துவிட்டு வருவாள். நான் சாயங்காலம் ஏழை எடுத்துவந்து, வாசித்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்ப வைத்துவிடுவேன். இரண்டு வாரம் இப்படி நடந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. மங்கில் தண்ணீர் ஊற்றி, கரண்டியால் சொட்டுச் சொட்டாகக் குறைத்துச் சுரம் பிடிக்க அவர் கற்றுக்கொடுத்தார். ஒரு சொட்டில் சுரம் மாறும். அவருடைய மனைவி இரண்டு மூங்கில் குச்சிகளின் நுனியில் துணி சுற்றிக் கொடுத்தார். காவிரிக்காரரின் ஒரு கீர்த்தனையில் முதல் இரண்டு வரி, கடைசியில் துரைக்காக ஓர் இங்கிலீஷ் மெட்டு. என் கையில் அது வந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

ஆனால் அதிகாரி வருவது காலை பத்து மணிக்கு. அது மரத்தில் பால் சொட்டுகிற நேரம்.

"ஐயா, காலையில மங்கு மரத்துல இருக்கணுமே," என்றேன்.

"ஒரு நாள்தானே. ஏழு மரத்துக்குச் சிரட்டையை வைச்சிட்டு வா."

"அம்மா ஏசுவாங்க ஐயா."

"உன்ர அம்மாவுக்கு நான் சொல்லுறன்."

இந்த வார்த்தையை நான் எழுபது வயசு வரை சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். உன் அம்மாவுக்கு நான் சொல்கிறேன் என்றார். சாமி சத்தியமாகச் சொன்னார்.

முந்தின நாள் சாயங்காலம் ஏழு சிரட்டையை வைத்துவிட்டு ஏழு மங்கை எடுத்துவந்தேன். விடியும்முன் அம்மா தலைவிளக்கோடு போனாள். இருட்டில் சிரட்டையைப் பார்த்து யார் வேலை என்று தெரியாமல், வேறு வழியின்றி அதிலேயே பால் பிடித்திருக்கிறாள். எட்டு மணிக்குக் கங்காணி சுற்றிவந்தார். சிரட்டைப் பாலில் நார் மிதந்தது. ஏழு மங்கு காணோம் என்று ஆபீசில் எழுதிவைத்துவிட்டார்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. நான் தலை சீவி, வேறொருத்தியின் பாவாடையைக் கட்டிக்கொண்டு, ஏழு மங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி, துரை, பெரிய கிராணி எல்லாரும் நாற்காலியில். வாத்தியாரின் பொத்தான் விடியற்காலையிலேயே ஏறியிருந்தது.

வாசித்தேன். ஒரு சுரம் பிசகவில்லை. இங்கிலீஷ் மெட்டு வந்ததும் துரை எழும்பி நின்று கைதட்டினார். எங்கள் துரை யாருக்காவது எழும்பி நின்று அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வாத்தியார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். துரை கிட்டே வந்தார். ஒரு மங்கைக் கையில் எடுத்தார். தண்ணீரைத் தரையில் கொட்டினார். விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த ரப்பரை நகத்தால் சுரண்டினார்.

"சியாப்பா பூஞா?" என்றார். யாருடையது என்று மலாயில் கேட்கிறார்.

பெரிய கிராணி குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். காலையில் கங்காணி எழுதிவைத்ததுதான், வேறென்ன. பிறகு என்னிடம் திரும்பினார்.

"யாரு எடுக்கச் சொன்னா?"

நான் வாத்தியாரைப் பார்த்தேன். பயம் இல்லை எனக்கு. அவர் சொல்லிவிடுவார் என்றுதான் இருந்தேன். அவர் கை கழுத்துக்குப் போயிற்று. பொத்தான் ஏற்கெனவே போட்டிருந்தது. அதையே திருகினார்.

"நான் சொல்லேல்லை ஐயா. பிள்ளை தானாக் கொண்டு வந்தது."

"நீங்கதான ஐயா சொன்னீங்க?" என்றேன்.

"நான் சொல்லேல்லை," என்றார் மறுபடியும், என்னைப் பார்க்காமல், துரையின் பூட்ஸைப் பார்த்து.

மத்தியானம் பெரட்டுக் களத்தில், ஆள் எண்ணுகிற இடத்தில், எல்லார் முன்னாலும் வேலைப் பதிவில் அம்மாவின் பேரை வெட்டினார்கள். திருட்டு என்று காரணம் போட்டார்கள். ஒரு வாரத்தில் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஏழு மங்குக்காக. மங்கு ஏழும் முழுசாக ஆபீஸ் மேசையில் இருந்தன, ஒன்றுகூட உடையவில்லை.

அன்று அம்மா என்னை அடித்த அடி இருக்கட்டும், அதை எழுதப்போவதில்லை. அடித்து ஓய்ந்து, "வாத்தியாருதான் சொன்னாருங்கிறியே, வாடி, அவருகிட்டயே கேட்டுருவோம்," என்று தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். அவர் வீட்டுப் பின்வாசலில் நின்றோம். அவர் பனியனோடு வந்தார், எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அம்மா கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

"ஐயா, இந்தப் புள்ள நீங்க சொன்னீங்கன்னு சொல்லுது. நீங்க ஒரு வார்த்த சொன்னா, நா தொரை கால்ல விழுந்தாச்சும் பேரப் போடச் சொல்லுவேன். சொன்னீங்களா ஐயா?"

"நான் ஏன் அம்மா அப்பிடிச் சொல்லப் போறன்? சின்னப் பிள்ளைதானே. பயத்தில சொல்லுது. அடிக்காதேங்கோ."

அடிக்காதேங்கோ என்றார், பாருங்கள்! அவருக்குப் பின்னால் கதவோரம் அவருடைய மனைவி நின்றிருந்தார். குச்சிக்குத் துணி சுற்றிக் கொடுத்தவர். என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பொட்டலத்தில் அரிசி கொண்டுவந்து அம்மா கையில் வைத்தார். அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வழியில் அம்மா என்னை அடிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "வாத்தியாரு வாயில பொய் வருமாடி?"

ஜித்ரா பக்கம் ஒரு சின்னத் தோட்டத்தில் புல் வெட்டுகிற வேலை கிடைத்தது, அம்மாவுக்கும் எனக்கும். என் படிப்பு அதோடு சரி, மீதியைப் பேப்பர் படித்துக் கற்றுக்கொண்டேன். சண்டை வந்தது, ஜப்பான்காரன் போனான், கல்யாணமானது, பிள்ளைகள் பிறந்தன, ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கிற வேலை கிடைத்தது. அம்மா என்னோடுதான் இருந்தாள். நல்லவள். ஆனால் வீட்டில் ஒரு சாமான் காணோம் என்றால் முதலில் அவள் கண் என் மேல்தான் விழும். ஒரு கரண்டி, ஒரு சீப்பு, எதுவானாலும். ஒன்றும் கேட்க மாட்டாள், ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்தப் பார்வையோடு ஒரே வீட்டில் சோறு தின்றேன்.

கடைசியில் படுத்த படுக்கையானாள். ஒருநாள் பிற்பகல், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்தாள்.

"நான் கோவிச்சுக்க மாட்டேன். இப்பவாச்சும் சொல்லுடி. ஏண்டி எடுத்த?"

நானும் எத்தனை தடவைதான் சொல்வது? அன்றைக்குச் சொன்னதை அவள் நம்பவில்லை, பிறகு சொன்னதையும் நம்பவில்லை, சாகிற நேரத்திலா நம்பப் போகிறாள். அவள் நிம்மதியாகப் போகட்டும் என்று நினைத்தேன்.

"ஆமாம்மா. நாந்தான் எடுத்தேன். சத்தம் நல்லாருந்துச்சு, ஆசையா இருந்துச்சு," என்றேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "இத அப்பவே சொல்லியிருந்தா உன்னை அப்பிடி அடிச்சிருக்க மாட்டேனே," என்றாள். நாலு நாளில் போய்விட்டாள். ஜித்ரா பக்கத்து அந்தத் தோட்டத்துச் சுடுகாட்டில்தான் புதைத்தோம்.

அதற்கு ஆறு வருஷம் கழித்து ஜித்ராவில் ஒரு மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா. பல ஊரில் பல பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பெரிய ஆளாகியிருந்தார். நான் போக வேண்டும் என்று போகவில்லை. என் மகள் பள்ளிப் பிள்ளைகளோடு கோலாட்டம் ஆடினாள், அதைப் பார்க்கப் போனேன். பின்வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் அவர். தலை நரைத்து, கோட்டு போய் ஜிப்பா வந்திருந்தது. குரல் மட்டும் அதே குரல். நாற்பது பிள்ளைகளைக் கம்பத்துக்குக் கம்பம் ஓடவிட்ட கதையைச் சொன்னார். பஞ்சு அடைத்த கதையைச் சொன்னார். எனக்கே சிரிப்பு வந்தது. பல் கூசிய இடம்கூட ஞாபகம் வந்தது.

பிறகு சொன்னார்.

"அந்தக் காலத்தில தோட்டத்துப் பிள்ளையளுக்கு ஜலதரங்கம் வாங்க வசதியே? நான் என்ன செய்தனான் தெரியுமே? ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, பால் மங்கு ஏழு எடுத்துக்கொண்டு வா பிள்ளை எண்டு சொன்னனான். மரத்துக்குச் சிரட்டையை வை எண்டனான்! அந்தப் பிள்ளை வாசிச்ச வாசிப்புக்குத் துரையே எழும்பி நிண்டு கைதட்டினவர்."

மண்டபம் சிரித்தது, கைதட்டியது. பக்கத்தில் இருந்த ஒருவர், "அந்தக் காலத்து வாத்தியாருங்க வாத்தியாருங்கதான் லா," என்றார். நான்தான் சொன்னேன் என்றார். நான்தான் சொன்னேன்! துரை ஊருக்குப் போய்விட்டான், கிராணி செத்துவிட்டார், இனி யாரும் சுரண்டிப் பார்க்க மாட்டார்கள் என்றதும் எவ்வளவு வடிவாகச் சொல்கிறார்.

ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. மங்கு வாசித்த அந்த மாணவி இங்கே யாருக்காவது தெரியுமா, வந்து ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்தினால் நன்றாக இருக்கும் என்றார்கள். விழாக் கமிட்டியில் இருந்த ஒருவர் கூட்டத்தைத் துழாவிக்கொண்டு வந்தார். தொப்பை போட்ட, முன்தலை வழுக்கை விழுந்த ஆள். என் முன்னால் வந்து நின்றதும்தான் தெரிந்தது, கங்காணி மகன்.

"ஏ, நீதானே! நான் அப்பவே பார்த்தேன். வா வா, ஐயா காத்துக்கிட்டு இருக்காரு."

அவன் கையில் ஒரு தட்டு. பித்தளைத் தட்டுதான். அதில் பொன்னாடையும் ஒரு மாலையும். அவனுக்கு அந்த நாடகம் ஞாபகம் இருந்ததா என்று தெரியாது. எனக்கு இருந்தது.

தட்டைத் தொடவில்லை. ஆனால் பார்த்தேன். பாராத மாதிரி நடிக்கவில்லை, வடிவாகப் பார்த்தேன். பொன்னாடையின் சரிகையை, மாலையில் இருந்த செவ்வந்தியை, எல்லாவற்றையும் பார்த்தேன். பிறகு எழும்பினேன். மேடையைப் பார்த்தேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். வலது கை மெதுவாகக் கழுத்துக்குப் போயிற்று. ஜிப்பாவில் அந்த இடத்தில் பொத்தான் இல்லை. விரல்கள் அங்கேயே தேடிக்கொண்டிருந்தன. நான் கத்தவில்லை, ஓடவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.

அவர் கற்றுக்கொடுத்ததை அவருடைய மாணவர்களில் நான் ஒருத்திதான் ஒழுங்காகச் செய்து காட்டினேன் என்று நினைக்கிறேன். பஸ்ஸில் ஏறும்வரை எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பஸ் நகர்ந்த பிறகுதான் அம்மா ஞாபகம் வந்தது. ஓடிப்போய், "கேட்டியாம்மா, அவரே சொல்லிட்டாரு, மைக்குல சொல்லிட்டாரு," என்று சொல்ல வேண்டிய ஆள் இல்லை. நான் எடுத்தேன் என்று என் வாயாலேயே கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். அவருடைய பொய்யை நானே அவளுக்குக் கஞ்சியோடு ஊட்டி அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் காலை அம்மாவைப் புதைத்த தோட்டத்துக்குப் போனேன். ரப்பர் மரங்களை எல்லாம் வெட்டிச் செம்பனை நட்டிருந்தார்கள். சுடுகாட்டுப் பக்கத்தையும் புல்டோசர் தள்ளிவிட்டிருந்தது. முழங்கால் உயரக் கன்றுகள் வரிசை வரிசையாக நின்றன. அம்மாவுக்கு அடையாளமாக நட்டிருந்த கல் இல்லை, பக்கத்தில் இருந்த முருங்கை இல்லை. இந்த வரிசையா, அடுத்த வரிசையா என்று வெயில் ஏறும்வரை நடந்து பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் ஏதோ ஒரு கன்றுக்குப் பக்கத்தில் நின்று, எங்கே இருந்தாலும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"நான் எடுக்கலம்மா. எடுக்கச் சொன்னாரு."